பாதி விலை டிக்கட்டும் அடகு வைத்த சங்கிலியும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் வீட்டில் ஒருவர் குவைத்திலோ டுபாயிலோ சவூதியிலோ இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். நம்ம கந்தப்பளையில் அப்படி ஒருவரும் இல்லாத லயம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் நுவரெலியா பஸ்ஸில் என்னிடம் படித்த ஒரு தம்பி போனை நீட்டினார். யாரோ ஒருவர் வீடியோவில் பேசுகிறார். நோய் பரவும் நேரத்தில்தான் விமான டிக்கட் அடி விலைக்குப் போகுமாம், புத்தியுள்ளவன் அப்போதே வாங்கி வைத்துக்கொள்வானாம். "சேர், இது உண்மையா?" என்று கேட்டார். பாதி உண்மை என்றேன். மற்றப் பாதியைச் சொல்வதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த மற்றப் பாதியை நான் படித்தது 2021இல். அதற்குப் பணம் கட்டியது நான் அல்ல, வேறு ஒரு குடும்பம்.

முதலில் அந்த வீடியோக்காரர் சொன்ன உண்மை. நோய்ச் செய்தி வந்ததும் மக்கள் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆசனங்கள் காலியாக இருக்கும், விமானக் கம்பனி விலையைக் குறைக்கும். 2020 பெப்ரவரியில் அதுதான் நடந்தது. ஆனால் அந்த மலிவு சில வாரங்கள்தான். அதற்குப் பிறகு நாடுகள் கதவைச் சாத்தத் தொடங்கின. மார்ச் மூன்றாம் வாரத்தில் கட்டுநாயக்க விமான நிலையமும் வரும் பயணிகளுக்கு மூடப்பட்டது. எல்லோருக்குமாக மீண்டும் திறந்தது 2021 ஜனவரி 21ஆம் திகதி. 2019இல் உலகம் முழுவதும் சுமார் 450 கோடி பேர் விமானத்தில் போனார்கள். 2020இல் அது சுமார் 180 கோடி. இவ்வளவு ஆள் குறைந்தால் டிக்கட் மலிய வேண்டுமே என்று தோன்றும். மலியவில்லை.

ஏன் என்பதை நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊரடங்கு நாட்களில் இங்கே லீக்ஸும் கரட்டும் பாத்தியிலேயே அழுகின, கொழும்பில் அதே மரக்கறிக்கு விலை ஏறியது. நடுவில் லொறி ஓடவில்லை, அவ்வளவுதான். விமானமும் அப்படித்தான். 2021 மே கடைசியில் நம் விமான நிலையம் மறுபடி மூடி ஜூன் 1ஆம் திகதி திறந்தபோது, ஒரு விமானத்தில் 75 பேருக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். முந்நூறு பேர் ஏறக்கூடிய விமானத்தில் 75 பேர். எண்ணெய்ச் செலவு அதேதான், விமானியின் சம்பளமும் அதேதான். நாலு பேர் பங்கு போட வேண்டிய செலவு ஒருவர் தலையில் விழுந்தது.

இரவு 12 மணிக்குத் தேடினால் விலை குறையும், செவ்வாய்க்கிழமை வாங்கினால் குறையும் என்றெல்லாம் சொல்வார்கள். நானும் அலாரம் வைத்து எழும்பிப் பார்த்தவன்தான். நித்திரை கெட்டது மட்டும் மிச்சம். ஆசனங்களை வகை வகையாகப் பிரித்து, குறைந்த விலை வகையை முதலில் விற்பார்கள். அது முடிந்தால் அடுத்த வகை. விற்க இருப்பதே 75 என்றால் குறைந்த விலை வகை எங்கே இருக்கும்?

இனி அந்தக் கதை. ஆளை அடையாளம் காட்டாமல் எழுதுகிறேன். ஊகித்தவர்கள் கொமெண்டில் பெயர் போட வேண்டாம்.

2021 ஜூன். பாடசாலை மூடியிருந்தது. வட்ஸ்அப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தோம். சிக்னலுக்காகப் பிள்ளைகள் மேட்டில் ஏறி உட்கார்ந்திருந்த காலம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் தாய் குவைத்தில் வீட்டு வேலை. ஒப்பந்தம் முடிந்து பல மாதம். தகப்பன் தோட்டத்தில் வேலை. என்னிடம் லெப்டொப் இருக்கிறது என்று தெரிந்து அவர் ஒரு பின்னேரம் வாசலுக்கு வந்தார். "சேர், ஏஜென்சியில நெறைய கேக்குறாங்க. நீங்க ஒன்லைன்ல பாத்து கொறஞ்சதா ஒன்னு எடுத்துக் குடுங்க. அவ வந்தா போதும்."

நான் இரண்டு நாள் உட்கார்ந்து தேடினேன். நேரடி விமானம் ஏறத்தாழ 80,000 ரூபா. டோஹா வழியாக இன்னொன்று 62,000, விற்றது விமானக் கம்பனி அல்ல, நடுவில் ஒரு இணையத்தளம். பதினெட்டாயிரம் மிச்சம்! அந்த ஆண்டுதான் தோட்ட நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் வந்திருந்தது. ஆக, பதினெட்டு நாள் கொழுந்து. நான் பெரிய வேலை செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் சங்கிலியை அடகு வைத்தார், என் கார்டில் பணம் கட்டினோம். ஜூலை முதல் வாரத்துக்குத் திகதி.

ஜூன் கடைசியில் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அறிவித்தல் வந்தது. முந்தைய 14 நாட்களுக்குள் கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம், சவூதி, ஓமான், பஹ்ரைன், குவைத் ஆகிய ஆறு நாடுகளில் இருந்தவர்கள் ஜூலை 1 முதல் 13 வரை இலங்கையில் இறங்க முடியாது.

எண்பதாயிரம் கொடுத்து நேரடி டிக்கட் எடுத்திருந்த இன்னொரு குடும்பம் திகதியை மட்டும் மாற்றிக்கொண்டது, மேலதிகமாக ஒரு சதம் இல்லை. எங்கள் டிக்கட்டின் நிபந்தனையைத் திறந்து பார்த்தேன். பணம் திரும்பாது, திகதி மாறாது. வாங்கும் நாளிலும் அது அங்கேயேதான் இருந்தது. ஆங்கிலம் படிப்பிக்கிற நான் அதை வாசிக்கவில்லை. பதற்றத்தில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். விமானம் ரத்தாகும் என்று ஊகித்து, நானே முந்திப்போய் "ரத்துச் செய்" என்ற பொத்தானை அழுத்தினேன். கம்பனி ரத்துச் செய்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு ஒரு பிடி இருக்கும். நீங்களே ரத்துச் செய்தால் அந்தப் பிடியை நீங்களே விடுகிறீர்கள். இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கடைசியில் கிடைத்தது ஒரு வவுச்சர். அவர் பெயருக்கு மட்டும், ஒரு வருடத்துக்கு மட்டும். கொழுந்து எடுக்கிற பெண் ஒரு வருடத்துக்குள் இன்னொரு முறை எங்கே பறக்கப்போகிறார்?

அறுபத்திரண்டு நாள் சம்பளம். அவர் ஊர் வந்தது ஓகஸ்டில், இன்னொரு டிக்கட்டில், வட்டிக்கு வாங்கிய காசில். அந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இதைவிட மோசமான விஷயம் பிறகு தெரிந்தது. அவர் வந்து ஒரு மாதம் கழித்து ஏதோ கடிதம் நிரப்ப என்று பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உள்ளே வேலை ஒப்பந்தம். அரபியிலும் ஆங்கிலத்திலும். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பும் டிக்கட்டை வேலை கொடுத்தவரே கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மத்திய கிழக்குக்குப் போகும் வீட்டுப் பணிப்பெண்களின் ஒப்பந்தங்களில் அது வழமையாக இருப்பதுதான். நான் இரண்டு நாள் விலை தேடினேனே தவிர, "இந்த டிக்கட்டை யார் வாங்க வேண்டும்?" என்று ஒரு நிமிடம் கேட்கவில்லை. அதற்கு உரியவர் பேசாமல் இருந்தார். நாங்கள் சங்கிலியைக் கொண்டு போனோம்.

அதனால்தான் சொல்கிறேன். நோய் பரவும் காலத்து மலிவு டிக்கட், அந்தப் பணம் போனால் போகட்டும் என்று இருக்கக்கூடியவனுக்குத்தான் மலிவு. ஒரு மாலைதீவுப் பயணம் தவறினால் அவன் அடுத்த வருடம் போவான். நம் ஆட்கள் விமானம் ஏறுவது வேலைக்கு, மையத்துக்கு, பிள்ளையின் பரீட்சைக்கு. திகதி தவறினால் டிக்கட்டோடு சேர்த்து வேலையும் விசாவும் போகும். திரையில் தெரியும் விலையோடு, பறக்க முடியாமல் போனால் எவ்வளவு கையைவிட்டுப் போகும் என்பதையும் கூட்டிப் பாருங்கள். அப்படிக் கூட்டினால் எங்கள் 62,000ஐ விட அந்த 80,000தான் மலிவு.

முடிந்தவரை விமானக் கம்பனியிடமே வாங்குங்கள், அல்லது உங்களுக்கு நேரில் போய்ப் பேசக்கூடிய ஒரு கடையில். திகதி மாற்றலாமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் எடுங்கள். இடையில் இறங்கி மாறும் நாடு கூடக் கூட, கதவு சாத்தப்படும் இடமும் கூடும். யாராவது ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்கு இலக்கம் தந்து "விசேட விமானம், கடைசி மூன்று சீட்" என்றால் அந்த மெசேஜை அழித்துவிடுங்கள். பெயர் விஷயத்தில் நம் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து. டிக்கட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். மலிவு டிக்கட்டில் ஒரு எழுத்தைத் திருத்தவும் காசு கேட்பார்கள். கட்டுநாயக்கவிலிருந்து ரம்பொடை ஏறி வீடு வரும் வேன் கூலியையும் கணக்கில் போடுங்கள். நடு இரவில், பஸ் ஓடாத நாளில் இறங்கினால் டிக்கட்டில் மிச்சம் பிடித்ததை வேன்காரர் வாங்கிக்கொள்வார்.

எல்லாவற்றையும் ஏழைகளே பார்த்துச் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லவும் எனக்கு மனம் இல்லை. 2020 ஏப்ரலில் குவைத் அரசாங்கம் விசா இல்லாமல் இருந்தவர்களுக்குப் பொது மன்னிப்புக் கொடுத்தது. அபராதம் இல்லை, டிக்கட்டும் இலவசம். அந்த நேரத்தில் நம் விமான நிலையம் மூடி இருந்தது. நம் நாட்டவர்கள் முகாம்களில் காத்துக்கிடந்தார்கள். மே மாதம் ஒரு தொகுதியினர் வந்தபோது அவர்களில் பலருக்குத் தொற்று இருந்தது. உடனே "நோயைக் கொண்டு வந்துவிட்டார்கள்" என்று அவர்களையே பேசினோம். கந்தப்பளைக் கடைகளிலும் அப்படிப் பேச்சு நடந்தது, நான் கேட்டேன். இத்தனை வருடம் அவர்கள் அனுப்பிய காசில் சாமான் வாங்கிய கடைகள் அவை.

பக்கத்து நாட்டையும் பார்க்கலாம். இந்தியா 2020 மே 7இல் தன் மக்களைத் திருப்பி அழைக்கத் தொடங்கியபோது வளைகுடாவிலிருந்து கேரளாவுக்கு ஏறத்தாழ 15,000 இந்திய ரூபா என்று முன்கூட்டியே அறிவித்தது. அது இலவசமும் இல்லை, குறையில்லாத திட்டமும் இல்லை. ஆனால் கூலிக்காரன் எவ்வளவு தேட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. உள்நாட்டு விமானங்களுக்கு மே 25 முதல் கீழ் விலையும் மேல் விலையும் குறித்தார்கள். ஊரடங்குக் காலத்தில் வாங்கி அதே காலத்தில் பறக்க இருந்த டிக்கட்டுகளுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்கும்படி ஒக்டோபர் 1ஆம் திகதி அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் நாட்டாலும் முடியாதது இல்லை. 2021 ஓகஸ்டில் தனியார் ஆஸ்பத்திரிகளின் பி.சி.ஆர். பரிசோதனைக்கு 6,500 ரூபாவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வர்த்தமானி போட்டார்கள். மூக்கில் குச்சி விடுவதற்கு விலை குறிக்க முடியுமென்றால், நாடு திரும்பும் தொழிலாளியின் ஆசனத்துக்கும் குறிக்கலாம். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ரோட்டும் கூரைத் தகரமும் கேட்கிறோம். இதையும் கேட்போம்.

எங்கள் ஜமாஅத்துக்கும் ஒரு வார்த்தை. 2020 பெப்ரவரி 27ஆம் திகதி சவூதி உம்ராவுக்கு வருவதை நிறுத்தியபோது, இஹ்ராம் துணி வரை வாங்கி வைத்திருந்தவர்கள் நம் ஊரிலும் இருந்தார்கள். பயணத்தை ஒழுங்கு செய்தவரிடம் ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துப் பணத்தைக் கையில் கொடுத்தவர்கள் வருடக்கணக்கில் அலைந்தார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் மார்க்கத்தில் இருந்துகொண்டு ரசீதுக்கு வெட்கப்பட்டோம். இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த வருடம் கட்டாரில் இருந்த என் உறவினர் ஒருவருக்கு நல்ல விலையில் ஆசனம் கிடைத்தும் வரவில்லை. "வழியில் எனக்கு ஏதும் ஆனால் எரித்துவிடுவார்களே" என்றார். 2021 பெப்ரவரி கடைசியில் ஜனாஸா அடக்கத்துக்கு அனுமதி வந்த பிறகுதான் டிக்கட் தேடச் சொன்னார். அப்போது விலையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

இனி காரியம். ஞாயிற்றுக்கிழமைகளில் டியூஷன் முடிந்து பகல் 12 மணிக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன். டிக்கட் வாங்க முன் வாருங்கள். விலை தேடித் தருவேன் என்று சொல்லவில்லை, நிபந்தனையை வாசித்துத் தமிழில் சொல்கிறேன். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவும் காப்புறுதியும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம். ஒப்பந்தத்தையும் கட்டாயம் கொண்டுவாருங்கள். அரபியில் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. பள்ளிவாசல் மௌலவியிடம் பேசிவிட்டேன், எந்தத் தோட்டத்தில் இருந்து யார் கொண்டுவந்தாலும் வாசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பிஸ்கட் டின்னோடு வந்தாலும் சரிதான்.