மறுபடி எண்ணக் காகிதம் வேண்டும்



2006 நவம்பர் 7 தேர்தலில்தான் குடியுரிமை பெற்றபின் என் முதல் ஓட்டு. தபால் வாக்குச்சீட்டுக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். "சாவடி பக்கத்திலேயே இருக்கிறதே, மெஷினைத் தொட்டால் முடிந்தது" என்று வீட்டில் சிரித்தார்கள்.

எங்கள் வார்டில் டூட்டி மாறும்போது மார்பின் போன்ற மருந்துகளை இரண்டு நர்சுகள் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுவோம். கணக்கு உதைத்தால் மறுபடி எண்ண மருந்து கையில் இருக்கும். நம் மேரிலாந்தின் தொடுதிரை மெஷினிலோ நாம் சரிபார்க்கும் ஓட்டுச்சீட்டே கிடையாது. மறுபடி கேட்டாலும் முன்பு சொன்ன எண்ணையே சொல்லும். ஒருவரும் ஏமாற்றவில்லை என்றாலும் அதை நிரூபிக்க வழியில்லை. தபால் சீட்டையும் கருவிதான் வாசிக்கும். ஆனால் சீட்டு பத்திரமாக இருக்கும்.

செப்டம்பர் 12 பிரைமரி தேர்தலில், மான்ட்கோமரி கவுண்டியில் மெஷின் கார்டுகள் சாவடிக்கு வராமல் காலையில் மக்கள் தவித்ததை அறிவீர்கள். ஆளுநர் எர்லிக்கே தபாலில் வாக்களிக்கச் சொல்கிறார். அவரும் வேட்பாளர், அவர் கட்சிக்காக நான் இதை எழுதவில்லை. இந்த ஆண்டு தபால் ஓட்டுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

தபாலிலும் குறை உண்டு. உறையில் கையெழுத்து விட்டுப்போனாலோ தாமதமானாலோ ஓட்டு வீணாகும். ஆகவே இப்போதே விண்ணப்பியுங்கள். ஆங்கிலம் தடுமாறும் அப்பா அம்மாவுக்குப் படிவத்தை வாசித்துக் காட்டுங்கள். யாருக்குப் போடவேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.