காப்பி வாசம் வந்தால் போதுமா?

காப்பி ஸ்டவுட்டைக் குடித்துப் பார்ப்பவர்கள் பலரும் "அட, அப்படியே காப்பி!" என்று மதிப்பெண்ணை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். காப்பியே சேர்க்காத ஸ்டவுட்டிலும் அந்த வாசம் வரும். கருக வறுத்த பார்லியின் வேலை அது. சேர்த்த காப்பி அந்தக் கசப்போடு ஒத்துப்போகிறதா, முட்டிக்கொள்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபவுண்டர்ஸ் நிறுவனத்தின் பிரேக்ஃபாஸ்ட் ஸ்டவுட்டில் சுமத்ரா, கோனா என்று இரண்டு காப்பி, கூடவே ஓட்ஸ், சாக்லேட். ஆல்கஹால் 8.3 சதவீதம் (பெயரை நம்பிக் காலையில் குடித்தால் அன்றைய பிழைப்பு அம்பேல்!). சில்லென்று இருக்கும்போது கசப்புதான் முந்தும். கிளாஸில் கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் சாக்லேட் மெல்ல மேலே வரும், ஓட்ஸின் வழவழப்பு நாக்கில் நிற்கும். மதிப்பெண்ணை அப்போது போடட்டும். பாட்டில் பழசாகிவிட்டால் காப்பி மணம் மங்கி, சில சமயம் குடைமிளகாய் வாடை வந்து உட்கார்ந்துவிடுகிறது.