உண்டவர் கடமை

வெளியூரிலிருந்து காரைக்குடிக்கு வருகிறவர் ரயிலையோ பஸ்ஸையோ விட்டு இறங்கியதும் கேட்கும் முதற்கேள்வி, "இங்கே சாப்பாடு எங்கே நன்றாயிருக்கும்?" என்பதுதான். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் செல்லும் யாத்திரிகர், அழகப்பா பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பனார், நகரத்தார் மாளிகைகளைப் பார்க்க வரும் பிரயாணி ஆகிய யாவரும் இதையே கேட்கின்றனர். செக்காலையில் நிற்கும் எவரும் இதற்கு விடை கூறத் தயங்குவதில்லை. ஒருவர் ஒரு மெஸ்ஸை வானளாவப் புகழ்வார்; பக்கத்தில் நிற்பவர் அதே மெஸ்ஸைப் பெயர் சொல்லித் தூற்றுவார். கேட்டவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, உரக்கப் பேசியவர் சொன்ன இடத்துக்குப் போவார். இது சில்லறை விஷயம், தலையங்கப் பக்கத்தில் இதற்கு இடமேது என்று சில நண்பர்கள் நினைக்கக்கூடும். நாம் அவ்வாறு நினைக்கவில்லை.

ஓர் உணவுச்சாலை அதன் முதலாளியின் சொந்த வியாபாரம் மாத்திரமன்று. அடுப்படியில் வேகிறவர், இலை எடுப்பவர், பாத்திரம் துலக்குபவர், பால் ஊற்றுபவர், வாழையிலைக் கட்டு கொண்டுவருபவர் ஆகிய அத்தனை பேருடைய ஜீவனமும் ஊரார் வாயிலிருந்து உதிரும் ஒரு சொல்லைப் பொறுத்திருக்கிறது. மறுபுறத்தில், நம்பி வந்து இலைமுன் உட்காருகிறவரின் தேகசுகமும் கைக்காசும் அதே சொல்லைப் பொறுத்தே இருக்கின்றன. ஆகவே உணவுச்சாலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்பவர் இரு தரப்பாருக்கும் கடமைப்பட்டவர். இந்தக் கடமையை நம்மவர் உணர்ந்திருப்பதாகத் தெரியவில்லை.

இவ்விஷயத்தில் நாமும் குற்றவாளியே என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறோம். சில வருஷங்களுக்கு முன், செக்காலையில் ஆறு பெஞ்சுகள் போட்டிருந்த ஒரு சிறு மெஸ்ஸில் ஒருநாள் மத்தியானம் உண்டோம். குழம்பில் உப்பு மிகுந்திருந்தது, சோறு குழைந்திருந்தது, ரசம் கேட்டு வெகுநேரம் காத்திருக்க நேர்ந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். ஆனால் மறுநாள் கோர்ட்டில் நண்பர்களிடத்தில் அதைப் பற்றிப் பேசாமலிருக்க முடியவில்லை. கேட்டவர்கள் சிரித்ததால் சிறிது கூட்டியும் சொன்னோம். அங்கே வழக்கமாய்ச் சாப்பிட்டுவந்த குமாஸ்தாக்களும் கட்சிக்காரர்களும் வேறிடம் தேடலாயினர்.

பல மாதங்கள் கழித்து மழைக்கு ஒதுங்கி அதே மெஸ்ஸுக்குள் நுழைந்தோம். பெஞ்சுகள் மூன்றே இருந்தன. சாப்பாடோ மிக நேர்த்தி. கூட்டம் குறைந்த காரணத்தை விசாரித்தோம். "வீட்டுக்காரவுகளை ஆஸ்பத்திரியிலே சேர்த்திருந்த வாரம், மகன்தான் அடுப்பைப் பார்த்தான், ஐயா. அந்த வாரத்தோட கோர்ட்டுக்காரவுக வர்றது நின்னுபோச்சு. சாப்பாடு சரியில்லைன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் காசே வாங்கியிருக்க மாட்டேன்" என்றார் அவர். கோர்ட்டுக்காரர்களின் வாயைத் திறந்துவிட்டவர் நாமே என்பது அவருக்குத் தெரியாது. சொல்லவும் அன்று நமக்குத் துணிவு வரவில்லை.

வக்கீல் தொழிலில் இருப்பவர்க்கு இதிலுள்ள குற்றம் நன்கு விளங்கும். ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்கும் சொல்லைக் குற்றமென்று வகுத்த 1860-ம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவு, பொதுநன்மைக்காக உண்மையைச் சொல்வதையும், பிறருடைய நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொல்வதையும் விலக்கி வைத்தது. 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் புதிய சட்டத்தின் 356-வது பிரிவிலும் அவ்விலக்குகள் உள்ளன. ஆனால் தக்க கவனமும் எச்சரிக்கையுமின்றிச் செய்த எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது என்பதும் அதே சட்டத்தின் வாக்கு. ஒருநாள் உண்ட ஒரு சாப்பாட்டை வைத்து, காரணம் விசாரியாமல், சிரிப்புக்காகக் கூட்டிச் சொன்ன நமது பேச்சில் கவனம் எங்கே இருந்தது? எச்சரிக்கை எங்கே இருந்தது? எந்தக் கோர்ட்டும் நம்மைக் கூண்டில் ஏற்றவில்லை. அதனால் நாம் நிரபராதியாகிவிட மாட்டோம்.

ஆனால், குறையைச் சொல்லவே கூடாதென்று நாம் வாதாடவில்லை. குறையை மறைப்பது அதனினும் பெரிய தீங்கு. எதைப் பார்த்துச் சொல்வது, எவ்வாறு சொல்வது என்பவையே கேள்விகள்.

முதலாவது, பெயரின் உண்மை. இன்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் 'செட்டிநாடு' என்ற பலகை தொங்காத கடைவீதி அரிது. பலகைக்குக் கீழே கிடைப்பது என்ன? பெரும்பாலும் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் மிதக்கும் ஒரு சிவந்த குழம்பு. செட்டிநாட்டுச் சமையல் காரத்தில் இல்லை, பக்குவத்தில் இருக்கிறது. கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ ஆகியவற்றை அளவறிந்து வறுத்து அம்மியில் அரைத்த மணம் அது. அரிசி கழுவிய நீரில் ஆகும் மண்டி, கவுனியரிசி, கந்தரப்பம், வெள்ளைப்பணியாரம், இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய்க் கோஸ்மல்லி ஆகியவற்றில் காரம் எங்கே இருக்கிறது? காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறிடத்தில் நெய்ததை அப்பெயரால் விற்பவரைச் சட்டம் தட்டிக் கேட்கும். கறிக்குழம்புக்கு அவ்வித வேலி இல்லை. உண்டவருடைய அபிப்பிராயம் ஒன்றே வேலி. காரத்தால் கண்ணீர் விட்டுக்கொண்டே "ஆஹா, அசல் செட்டிநாடு" என்று புகழ்பவர் அவ்வேலியைத் தம் கையாலேயே பிடுங்கி எறிகிறார்.

பெயரைக் காப்பதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. மதுரை ஜில்லா திருமங்கலம் தாலுகாவில் வடக்கம்பட்டி என்ற வானம் பார்த்த பூமி. அக்கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கிளம்பிய சுப்பா நாயுடு என்பவர் 1930-களில் காரைக்குடியில் ஓர் ஓட்டலைத் திறந்து, தம் ஊர்த் தெய்வமாகிய முனியாண்டியின் பெயரை அதற்குச் சூட்டினார். அதைப் பார்த்து அவ்வூராரும் சுற்று வட்டாரத்தாரும் ஊர் ஊராய்ச் சென்று முனியாண்டி விலாஸ்களைத் திறந்தனர். அந்தக் கடைகளுக்கெல்லாம் ஒரே முதலாளி கிடையாது. நாள்தோறும் முதல் வியாபாரப் பணத்தைத் தெய்வத்துக்கென எடுத்து வைப்பதும், தை மாதத்தில் வடக்கம்பட்டிக் கோவிலில் கூடிக் கிடாயும் கோழியும் சமைத்து வந்தவர்க்கெல்லாம் பிரியாணி வழங்குவதும் அவர்கள் வழக்கம். ஒரு கடையில் பழைய கறியை விற்றால் எல்லோருடைய தெய்வத்தின் பெயரும் கெடும் என்ற அச்சமே அவர்களை ஒரு கட்டில் வைத்திருந்தது. அப்பெயரை எவரும் எடுத்து மாட்டிக்கொள்ளும் காலத்தில், எந்த விலாஸ் அசல், எது போலி என்று சொல்லவேண்டியவர் மறுபடியும் உண்டவரே.

இரண்டாவது, எல்லாவற்றிலும் தலையாயது, பந்தியில் சமத்துவம். ருசியைப் பற்றி நாழிகைக் கணக்கில் பேசும் நாம், இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஒரு நாட்டின் விடுதலை சட்டசபையில் மாத்திரமன்று, சாப்பாட்டுப் பந்தியிலும் பரீட்சிக்கப்படும் என்பதைத் தமிழ்நாடு அனுபவத்தால் அறிந்தது. தேசபக்தர் வ.வே.சு. ஐயர் 1922-ல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் சில சிறுவர்களுக்குத் தனியே உணவளித்த விஷயம் 1924-25-ல் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே கலக்கிவிட்டது. தென்னாட்டு ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் 'பிராமணர்', 'இதரர்' என்று இடம் பிரித்துவைத்த வழக்கம் பலத்த கிளர்ச்சிக்குப் பிறகே 1941-ல் ஒழிந்தது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்து, பொது உணவுச்சாலைகளுக்குள் எவரையும் ஜாதியின் பேரால் தடுக்கலாகாது என்று விதித்தது. 1955-ம் ஆண்டுச் சட்டம் அதை மீறுவோருக்குத் தண்டனையும் வகுத்தது. அதன் பின்னரும், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்ற 1957-ல் மறியல் செய்ய வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளில் சிலருக்கென்று வேறு குவளை ஒதுக்கிய இரட்டைக் குவளை வழக்கமோ, சட்டம் வந்து வெகுகாலம் ஆனபின்னும் பல இடங்களில் நீடித்தது. 

பலகைகள் போய்விட்டன, பார்வைகள் போயினவா? அழுக்கு வேட்டியோடு வந்த கூலிக்காரரைக் கண்டதும் "இடமில்லை" என்று சொல்லிவிட்டு, பின்னால் காரில் வந்திறங்கியவர்க்கு நாற்காலி இழுத்துப் போடும் இடங்களை நாம் பார்த்திருக்கிறோம். அத்தகைய இடத்தில் அமிர்தமே பரிமாறினாலும் அதை நல்ல உணவுச்சாலை என்று சொல்ல மாட்டோம். நேயர்கள் இனி எந்த இடத்தைப் பற்றி அபிப்பிராயம் சொன்னாலும், "அங்கே எல்லோரும் ஒரே பந்தியில் ஒரே மரியாதையோடு உண்கிறார்களா?" என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லுமாறு வேண்டுகிறோம்.

மூன்றாவது, சுகாதாரம். செக்கும் ஆலையும் பெயரிலேயே ஒலிக்கும் செக்காலையில் எண்ணெயைப் பற்றிப் பேசாமல் இருக்கலாமா? ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் தீங்கு செய்யும் சேர்மங்கள் பெருகுகின்றன. அவை நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்கு உபயோகிக்கலாகாது என்பது 2018 ஜூலை முதல் விதி. உண்பவரிடத்தில் அளக்கும் கருவி இல்லை. ஆனால் கண்ணும் மூக்கும் இருக்கின்றன. எண்ணெய் கறுத்துக் கெட்டியாகி நுரைத்து, கொஞ்சம் சூட்டிலேயே புகைந்தால், பஜ்ஜி எவ்வளவு மொறுமொறுப்பாயினும் விலகிவிடலாம். கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பதையும் பார்க்கிறோம். அவ்வகைப் பைகளும் தாள்களும் 2019 ஜனவரி முதல் இம்மாநிலத்தில் தடுக்கப்பட்டவை. விதியை மீறுகிறவர் கடைக்காரர் மாத்திரமல்லர். வீட்டிலிருந்து ஒரு தூக்குப்பாத்திரம் எடுத்துவரச் சோம்புகிற நாமும் அதற்கு உடந்தை.

நான்காவது, வேலையாள். 2006 அக்டோபர் முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவரை ஓட்டல்களிலும் டீக்கடைகளிலும் வேலைக்கு வைப்பது தடுக்கப்பட்டிருக்கிறது. நமது மேஜையைத் துடைக்க வரும் கை எவ்வளவு சிறியது என்பதை நிமிர்ந்து பார்ப்பவர் எத்தனை பேர்? அச்சிறுவன் துடைத்த மேஜையில் உண்டுவிட்டு, "சர்வீஸ் பிரமாதம்" என்று புகழ்வது நமக்கு வெட்கக்கேடு. வடநாட்டிலிருந்து வந்து பரிமாறும் இளைஞருக்குத் தமிழ் விளங்கவில்லையென்று அதட்டுகிறவரும் ஒரு கணம் யோசிக்கவேண்டும். இதே செட்டிநாட்டார் பர்மாவிலும் மலேயாவிலும் அயல்மொழிக்காரர் நடுவே போய்ப் பிழைத்தவர்கள்தாம்.

இனி, சொல்லும் முறைக்கு வருவோம். குறையை முதலில் உரிமையாளரிடத்திலேயே, இலையை விட்டு எழுமுன், மரியாதையாய்ச் சொல்லவேண்டும். ஒருநாள் தவறை ஒருநாள் தவறென்றே கருதி, மறுமுறை சென்று பார்த்த பிறகே நாலு பேரிடம் பேசவேண்டும். சமையலில் நேர்ந்த பிசகு வேறு. கெட்டுப்போன பண்டத்தைத் தெரிந்தே பரிமாறுவது வேறு. பின்னதற்கு மன்னிப்பில்லை. அதை உடனே உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதவேண்டும். எழுதிய கடிதத்தில் தம் பெயரைப் போடவும் வேண்டும். நன்றாயிருந்தால் அதையும் சொல்லவேண்டும். குறை சொல்ல நூறு நாவு படைத்த நாம், வெந்த அடுப்பின் முன் நிற்பவரை எட்டிப் பார்த்து "நன்றாயிருந்தது" என்று சொல்லக் கஞ்சத்தனம் காட்டுகிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அபிப்பிராயத்தை விலைக்கு விற்கலாகாது. இலவசமாய் ஒரு விருந்து உண்டு, கைப்பேசியில் படமெடுத்து, பெற்ற பணத்துக்குத் தக்கபடி புகழ்ந்து திரிவோர் இக்காலத்தில் பெருகிவிட்டனர். பணம் தரமறுத்த சிறு கடைக்காரரை இகழ்வதாக மிரட்டுவதும் நடக்கிறது. கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொல்பவனை வெறுக்கும் சமூகம், இவர்களை மாத்திரம் சாமர்த்தியசாலிகள் என்று மெச்சுவது ஏன்?

காரைக்குடி 2024-ல் மாநகராட்சியாக உயர்ந்துவிட்டது. இனி பெரிய ஓட்டல்கள் வரும், வரட்டும். அவற்றுக்கு விளம்பரம் செய்யப் பணமிருக்கிறது. மூன்று பெஞ்சுகளும் ஓர் அடுப்பும் மாத்திரமுள்ள மெஸ்காரருக்கு விளம்பரம் உண்டவர் வாய்தான். அந்த வாய் நேர்மையாயிருந்தால் நல்லவர் பிழைப்பர், கெட்டவர் திருந்துவர். செக்காலையில் நம்மால் பெஞ்சு குறைந்த அந்த மெஸ்ஸுக்கு இப்பொழுது வாரந்தோறும் நண்பர்களோடு சென்றுவருகிறோம். அண்மையில் ஒருநாள் உரிமையாளரைத் தனியே அழைத்து நடந்ததைச் சொன்னோம். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடுத்த வாட்டி உப்பு கூடினா என்கிட்ட சொல்லுங்க, ஐயா" என்றார்.

நேயர்களுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் அதுவே.