பாடத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார்?

கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களை வரவேற்கும் பருவம் இது. நுழைவாயிலில் பதாகைகள், மேடையில் சிறப்பு விருந்தினர்கள், கையில் ஒழுங்கு விதிகள் அடங்கிய கையேடு என்று வரவேற்பு விமரிசையாகவே நடக்கிறது. ஆனால், இந்தப் பாடத்துக்கு நீ எப்படி வந்து சேர்ந்தாய் என்று அந்த மாணவரிடம் எவரும் கேட்பதில்லை.

இந்தப் பாடத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்பதுண்டு. அதற்கு "ஆர்வம்" என்ற ஆயத்த விடை எல்லோரிடமும் இருக்கிறது. எப்படி வந்தாய் என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். கல்லூரி ஆசிரியர் என்ற முறையில், முதலாண்டு வகுப்புகளில் இதற்கான விடையைப் பெயர் குறிப்பிடாமல் எழுதித் தரச் சொல்வது என் வழக்கம். அக்காள் இதைத்தான் படித்தாள், மாமா சொன்னார், விடுதிக்கு அனுப்ப மாட்டார்கள், இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய கல்லூரி இது ஒன்றுதான், விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்த கணினி மையத்துக்காரர் இதை முதலில் போடச் சொன்னார். இப்படித்தான் விடைகள் வருகின்றன.

இவற்றைக் கேட்டுச் சிரிப்பது எளிது. உண்மையில், ஒரு மாணவரின் முடிவு உருவாகும் பாதையை இந்த விடைகள் துல்லியமாகக் காட்டுகின்றன. அந்தப் பாதை கல்லூரி வாசலில் தொடங்குவதில்லை. பத்தாம் வகுப்பு முடித்த 15 வயதில், பிளஸ் 1 பிரிவைத் தெரிவு செய்யும்போதே தொடங்கிவிடுகிறது. அந்தப் பிரிவையும் பல நேரங்களில் ஊர்ப் பள்ளியில் இருந்த பிரிவுகளும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுமே தீர்மானித்திருக்கும்.

பிறகு வருவது 'கட்-ஆப்'. பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் தமிழகம் நீக்கியது. கிராமப்புற மாணவர்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கணக்கிடப்படும் எண், வரிசையில் ஒருவரின் இடத்தைச் சொல்கிறது. எந்தப் பாடம் அவருக்குப் பொருந்தும் என்பதை அது சொல்வதில்லை. ஆயினும், நம் வீடுகளில் அந்த எண் கையிருப்புப் பணம் போலக் கருதப்படுகிறது. "195 வாங்கிவிட்டு சிவிலா?" என்ற கேள்வியின் பொருள் இதுதான். அதிக விலையுள்ள பொருளை வாங்காவிட்டால் பணம் வீண் என்ற எண்ணம் அது.

எது விலை உயர்ந்த பாடம் என்பதையும் அண்டை வீடுகளே முடிவு செய்கின்றன. எளிதில் நினைவுக்கு வரும் உதாரணங்களைக் கொண்டே மனிதர்கள் ஒன்றின் வாய்ப்பை மதிப்பிடுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் ஏமோஸ் டிவெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-லேயே எடுத்துக்காட்டினர். தெருவில் ஒருவர் மென்பொருள் வேலைக்குச் சென்று வீடு கட்டியது கண்ணில் படுகிறது. அதே பாடம் படித்து வேலையின்றி இருப்பவர் கண்ணில் படுவதில்லை. மேலும், சேரும் ஆண்டின் சந்தையைப் பார்த்து எடுக்கும் முடிவுக்கு நான்கு ஆண்டுகள் கழித்தே பலன் தெரியும். 2005-இல் நம்பிக்கையோடு பொறியியலில் சேர்ந்தவர்கள், உலகப் பொருளாதார நெருக்கடியின் நடுவே 2009-இல் வெளியே வந்தார்கள்.

சேர்ந்த பிறகு இதையெல்லாம் கிளறுவது மாணவரின் மனத்தைக் கலைக்காதா என்று சிலர் கேட்கக்கூடும். கலங்கிய மனத்தைத் தெளிவிக்கவே இது தேவை என்பேன். முதல் பருவத் தேர்வில் இரண்டு பாடங்களில் தோற்ற மாணவர், "எனக்கு அறிவு போதாது" என்று முடிவு கட்டிவிடுகிறார். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலோடு போராடுவது அவருக்கு ஒரு காரணமாகவே தோன்றுவதில்லை. இன்னொருவர் பாடத்தையே வெறுக்கிறார். சற்றுப் பேசினால், அவர் வெறுப்பது பாடத்தை அன்று, அது தன்மீது சுமத்தப்பட்ட விதத்தை என்பது தெரியவரும். இந்த இரண்டையும் பிரித்தறிய உதவினால், ஒருவர் படிப்பைக் கைவிடாமல் காக்க முடியும்.

மேலும், கல்லூரியில் சேர்ந்ததோடு முடிவெடுக்கும் வேலை தீர்ந்துவிடுவதில்லை. விருப்பப் பாடங்கள், செய்முறைத் திட்டம், உள்ளகப் பயிற்சி, மேற்படிப்பு என இன்னும் பல முடிவுகள் காத்திருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைகள், முதன்மைப் பாடத்தோடு வேறொரு துறையில் துணைப் பட்டம் பெறவும் இடம் தருகின்றன. பழைய பழக்கம் தொடர்ந்தால், இவற்றையும் நண்பர் எடுத்தார் என்பதற்காகவோ மதிப்பெண் தாராளமாகக் கிடைக்கும் என்பதற்காகவோதான் மாணவர் எடுப்பார்.

இதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு 2017-இல் மூன்று வார அறிமுகப் பயிற்சியைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் 'தீக்ஷாரம்ப்' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. அந்த நாள்களில் சொற்பொழிவுகளைச் சற்றுக் குறைத்து இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். உன் முன் இருந்த வழிகள் எவை, அவற்றை யார் அல்லது எது குறுக்கியது, இனி உன் கையில் இருப்பவை எவை என்ற மூன்று கேள்விகளுக்கு மாணவர் எழுதட்டும். ஒரு பருவம் கழித்து, வழிகாட்டி ஆசிரியர் அதை அவரோடு மீண்டும் படிக்கட்டும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. இந்த உரையாடல் பெற்றோர்மீது குற்றம் சுமத்துவதாக மாறிவிடக் கூடாது. கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் தந்தைக்கு விரைவில் வேலை தரும் படிப்பு என்பது நியாயமான கவலை. குடும்பத்துக்காக ஒரு பாடத்தை ஏற்றுக்கொள்வதும் மதிக்கத்தக்க முடிவே. ஆனால், அறிந்து ஏற்பது வேறு. அறியாமல் அடித்துச் செல்லப்படுவது வேறு.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், பல ஏழை மாணவர்கள் கல்லூரியில் நிலைத்திருக்க உதவுகிறது. அவர்கள் அங்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதை அவர்களுக்கே விளங்கவைப்பது கல்லூரியின் கடமை. சேர்ந்த பாடத்தை மாற்ற முடியாமல் போகலாம். அடுத்த முடிவையாவது அவர்கள் தாமாக எடுக்க வேண்டும்.