தோள்பட்டை ஆபரேஷன் 2 மணி நேரம்... கூலி போறது 6 மாசம்!

சென்னை: கோயம்பேடு மார்க்கெட்டில் நள்ளிரவில் லாரி வந்து நின்றால், விடிய விடிய மூட்டை தோளில் ஏறி இறங்கும். 40 வயதை தாண்டிய லோடுமேன்களிடம் பேச்சு கொடுத்தால் பாதி பேர் சொல்வது ஒன்றுதான். தோள்பட்டை புடிச்சுக்கிச்சு, ராத்திரி அந்த பக்கம் படுக்க முடியல.

தைலம் தேய்ப்பார்கள். சுளுக்கு வழிப்பார்கள். சிலர் புத்தூர் கட்டு போட கிளம்பி விடுவார்கள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நன்றாக இருக்கும். அதனால் ஒன்றும் இல்லை என்று மறுபடி மூட்டை தூக்க போய்விடுவார்கள்.

வில்லங்கமே அங்கேதான். கிழிந்தது எலும்பு அல்ல, தசைநார். அது எக்ஸ்ரேயில் தெரியாது. ஸ்கேனில்தான் தெரியும்.

கை எலும்பின் உருண்டை முனையை 4 தசைகளின் நார்கள் தொப்பி மாதிரி மூடி பிடித்திருக்கின்றன. இதற்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். இதில் மேல் பக்கம் இருக்கும் நார்தான் அதிகம் கிழிகிறது. மூட்டை தூக்குபவர், கூரைக்கு பெயிண்ட் அடிப்பவர், தலைக்கு மேல் கையை தூக்கியே வேலை செய்பவர் எல்லோருக்கும் வருஷ கணக்கில் தேய்ந்து நைந்து போகும். மாடிப்படியில் வழுக்கி கையை ஊன்றி விழுந்தால் ஒரே நொடியிலும் கிழியும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு தோள் இறுகி போகும் நோயையும் இதையும் போட்டு குழப்பிக்கொள்கிறார்கள். இறுகின தோளை மற்றவர் தூக்கிவிட்டாலும் மேலே போகாது. நார் கிழிந்தவருக்கு பெரும்பாலும் மற்றவர் தூக்கினால் கை போகும், தானாக தூக்கத்தான் முடியாது.

தைப்பது எப்படி?

அறுந்த நாரை இழுத்து வந்து, எலும்பில் சின்ன ஆணி போல ஒன்றை இறக்கி, அதில் இருக்கும் நூலால் கட்டுகிறார்கள். இது புது வைத்தியம் கிடையாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர டாக்டர் காட்மேன் 1911-லேயே இது பற்றி எழுதிவிட்டார். இப்போது துளை போட்டு கேமரா விட்டு செய்கிறார்கள், அவ்வளவுதான்.

துளை ஆபரேஷன்தான் உசத்தி என்று நினைத்து வட்டிக்கு கடன் வாங்குகிறவர்கள் ஒன்றை தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 273 நோயாளிகளை வைத்து திறந்து தைப்பதையும் துளை போட்டு தைப்பதையும் ஒப்பிட்டார்கள். 2 வருஷம் கழித்து பார்த்தால் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை.

கிழிந்தவர் எல்லோருக்கும் கத்தி தேவையும் இல்லை. பின்லாந்தில் 55 வயதை தாண்டிய, அடிபடாமல் தேய்ந்து கிழிந்தவர்களிடம் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. ஒரு வருஷத்தில் பிசியோதெரபி மட்டும் செய்தவர்களும் ஆபரேஷன் செய்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தார்கள்.

ஆனால் விழுந்து கிழிந்த ஆளுக்கு கதை வேறு. நாள் தள்ள தள்ள நார் உள்ளே சுருங்கும், தசை கொழுப்பாக மாறும். அப்புறம் நல்ல சர்ஜன் கிடைத்தாலும் இழுத்து தைக்க நார் வராது.

இது தெரிந்தும் லோடுமேன் தள்ளிப்போடுகிறார் என்றால், அவருக்கு பயம் கத்தியை பார்த்து அல்ல. அதற்கு பிறகு வரும் மாதங்களை பார்த்துத்தான். 4 முதல் 6 வாரம் கையை தொட்டிலில் போட வேண்டும். பிறகு மாச கணக்கில் பயிற்சி. மூட்டை தூக்க 6 மாதம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். அவசரப்பட்டு தூக்கினால் தைத்தது பிய்யும். வயதானவர்களுக்கும் பெரிய கிழிசலுக்கும் அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

சச்சின் தெண்டுல்கருக்கே 2006 மார்ச் மாதம் லண்டனில் தோள்பட்டை ஆபரேஷன் நடந்தது. வெஸ்ட் இண்டீஸ் டூரே போச்சு. திரும்பி வந்து சதம் அடித்தது செப்டம்பர் மாதம் கோலாலம்பூரில். சச்சின் காத்திருக்கலாம், அடுப்பு அணையாது. தினக்கூலிக்காரன் என்ன செய்வான்?

இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளி வேலையில் அடிபட்டால், தற்காலிக ஊனத்துக்கு சம்பளத்தில் 90 சதவீதம் வரை தருகிறார்கள். சாதாரண நோய் லீவுக்கு 70 சதவீதம்தான். ஆனால் சம்பள ரிஜிஸ்டரில் பெயரே இல்லாத லோடுமேனுக்கு இரண்டும் கிடையாது. சுமை தூக்குவோருக்காக தமிழ்நாட்டில் 1982-லேயே தனி சட்டம் வந்தது, நல வாரியமும் இருக்கிறது. அட்டையை புதுப்பிக்காமல் டிரங்க் பெட்டியில் வைத்திருப்பவர்களுக்கு அதனாலும் பிரயோஜனம் இல்லை.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-ல், ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவை தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. நம்மூரில் எடை பார்த்தா மூட்டையை ஏற்றுகிறார்கள்?

விழுந்த அன்றே அரசு ஆஸ்பத்திரிக்கு போய், வேலை இடத்தில் அடிபட்டது என்று சொல்லி விபத்து பதிவேட்டில் ஏற்றி, ஏ.ஆர். காப்பி வாங்கி வைத்தால் பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது கைகொடுக்கும். வீட்டு படியில் விழுந்ததாக சொல்லு என்று மேஸ்திரி காதில் ஓதுவது அந்த காகிதத்துக்கு பயந்துதான்.