அந்தக் கொப்பியை ஒருமுறை திறந்து பாருங்கள்



கடையில் கடனுக்குச் சாமான் வாங்குகிறோம். முதலாளி கொப்பியில் எழுதுகிறார். சம்பளம் வந்ததும் அந்தக் கொப்பியை வரிவரியாகப் பார்க்கிறோம். வாங்காத சீனிக்குக் கணக்கு எழுதியிருந்தால் விடமாட்டோம். ஒரு கிலோ சீனிக்கு இவ்வளவு விழிப்பாக இருக்கும் நாம், வீட்டுச் சங்கதி முழுவதையும் எழுதி வைத்திருக்கும் இன்னொரு கொப்பியை ஒரு நாளாவது திறந்து பார்த்தோமா?

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களின் ‘மெமரி’யைத்தான் சொல்கிறோம்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. இந்த இயந்திரத்துக்குத் தானாக ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு புதிய உரையாடலும் துடைத்த கரும்பலகைதான். அதனால் நிறுவனங்கள் பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்தன. நாம் சொல்பவற்றில் சிலதை அது குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை நாம் ஏதாவது கேட்டால், அந்தக் குறிப்புகளையும் கேள்வியோடு சேர்த்து வாசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறது. ஓப்பன்ஏஐ நிறுவனம் இதை 2024 பெப்ரவரியில் சோதனைக்கு விட்டது. 2025 ஏப்ரலில், முதலில் பணம் கட்டிப் பாவிப்பவர்களுக்கு, பழைய உரையாடல்களிலிருந்தும் விபரம் எடுக்கும்படி மாற்றியது. கூகுளின் ஜெமினியும் அதே ஆண்டில் அந்த வழிக்கு வந்தது.

“நல்லதுதானே, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லத் தேவையில்லையே” என்கிறார்கள். தரம் 8, தமிழ் மொழிமூலம், 40 நிமிடப் பாடம் என்பதை அது ஞாபகம் வைத்திருந்தால் நமக்கும் வேலை குறைவுதான். அதை நாம் மறுக்கவில்லை. நாம் எதிர்ப்பது, யாரும் பார்க்காத, யாரும் திருத்தாத ஞாபகத்தை.

நம் வீடுகளில் நடப்பதை யோசியுங்கள். ஒரு போன், ஒரு கணக்கு. காலையில் வாப்பா தன் சீனி வருத்தத்துக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்கிறார். பகலில் ராத்தா வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறார். இரவில் தம்பி விஞ்ஞானப் பாடம் கேட்கிறான். கொப்பிக்கு இவர்கள் மூவரும் ஒரே ஆள். ஒருவருடைய நோய் மற்றவருடைய பதிலுக்குள் வரும். ஒருவர் மறைத்து வைத்த விடயம் மற்றவர் கண்ணில் படும். ‘கணிதத்தில் பலவீனம், இலகுவாகச் சொல்லவும்’ என்று தரம் 9இல் எழுதப்பட்ட குறிப்பு, பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும்போதும் அப்படியே கிடக்கலாம். பிள்ளை முன்னேறியிருக்கும், குறிப்பு முன்னேறியிருக்காது. எந்த ஆசிரியராவது இரண்டு வருடத்துக்கு முந்திய புள்ளிப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்று பாடம் நடத்துவாரா?

இதைவிடப் பாரதூரமானது கொமியுனிகேஷன் கடைகளில் நடப்பது. காதி நீதிமன்றத்துக்கு விண்ணப்பம், பிரதேச செயலகத்துக்கு முறைப்பாடு, உதவிக் கடிதம் என்று சனம் வருகிறது. கடைக்காரர் தன் கணக்கில் போட்டு எழுதிக் கொடுத்தால், ஒரு பெண்ணின் குடும்பப் பிரச்சினை முழுவதும் அவளுக்குத் தெரியாமலே இன்னொருவரின் கொப்பிக்குள் போய்விடுகிறது. அதைப் பார்க்கவும் அவளால் முடியாது, அழிக்கவும் முடியாது. ஆசிரியர்களாகிய நமக்கும் இது பொருந்தும். மாணவர்களின் பெயரையும் வீட்டு நிலையையும் போட்டு அறிக்கை எழுதச் சொல்வதற்கு நமக்கு யார் அனுமதி தந்தது? “நாங்கள் என்ன களவா செய்கிறோம், மறைப்பதற்கு?” என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: அது உங்கள் இரகசியம் இல்லை, பிறருடைய அமானிதம்.

“சாட்டை அழித்துவிட்டேன்” என்பதும் போதாது. சாட்ஜிபிடியில் உரையாடலை அழித்தாலும், அதிலிருந்து மெமரியில் சேமிக்கப்பட்ட குறிப்பு அழிவதில்லை. அதைத் தனியாக அழிக்க வேண்டும். பிறர் அந்தக் கொப்பியில் எழுதவும் வழி இருந்திருக்கிறது. 2024இல் ஜொஹான் ரெஹ்பெர்கர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், வெளியிலிருந்து வரும் ஓர் ஆவணத்தில் மறைத்து வைத்த கட்டளை மூலம் சாட்ஜிபிடியின் மெமரிக்குள் பொய்யான குறிப்பைப் பதிக்க முடியும் என்று காட்டினார்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கலாமா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமது நாட்டில் இருக்கிறது. நம்மைப் பற்றிய தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையை அது பேசுகிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. கேட்கத் தெரியாத சனத்துக்கு எந்தச் சட்டமும் தானாக வந்து உதவாது.

ஆகவே நாம் சொல்வது இதுதான்:

பலர் பாவிக்கும் போனில் மெமரியை நிறுத்தி வையுங்கள். செட்டிங்ஸில் பேர்சனலைசேஷன் பகுதிக்குள் அது இருக்கிறது.

உங்களுக்கு மட்டும் உரிய போன் என்றால், மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை வாசியுங்கள். பழையதையும் பிழையானதையும் அழியுங்கள்.

நோய், குடும்பம், வழக்கு, கடன் பற்றிக் கேட்பதென்றால் டெம்பரரி சாட்டில் கேளுங்கள். அது மெமரியில் சேராது. ஆனாலும் நிறுவனம் 30 நாட்கள் வரை பிரதி வைத்திருக்கலாம் என்பதால், அங்கேயும் பெயர் வேண்டாம்.

அடிக்கடி சொல்ல வேண்டிய விபரங்களை அரைப் பக்கத்தில் நீங்களே எழுதிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது ஒட்டிவிடலாம். அது உங்கள் கையில் இருக்கும் ஞாபகம். திகதி போட்டு எழுதுங்கள், தவணைக்கு ஒருமுறை திருத்துங்கள்.

கொமியுனிகேஷன் கடை நடத்தும் சகோதரர்களே, வாடிக்கையாளர்களின் கடிதத்தை மெமரி நிறுத்திய கணக்கில் மட்டும் எழுதுங்கள். உங்களை நம்பித்தான் வருகிறார்கள்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குமாறு அதிபர்மாரையும் கேட்டுக்கொள்கிறோம். ஒரு போனை எல்லோர் முன்னாலும் திறந்து, அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று காட்டினாலே போதும். மிச்சத்தைப் பெற்றோர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வார்கள்.