பிட்டுப் பிட்டு வைக்கிறேன்

"சார், இதெல்லாம் லோ லெவல் சமாச்சாரம். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவுப் பக்கம் எட்டிப் பார்த்த ஆபீசர்கள் கேட்டுப் பழகிய வசனம் இது. நவி மும்பை வந்ததிலிருந்து இந்தியிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிக் கேட்டாச்சு. தமிழிலேயே சொன்ன வெண்டர் பையனும் உண்டு, என்ன ஒரு ஊர்ப்பாசம் :-)

பி.காம் படித்தவனுக்கு பிட்டும் பைட்டும் எதுக்கு என்பதுதான் இதன் உள்ளர்த்தம். நான் சொல்கிறேன், பிட்டுகளைப் புரட்டுகிற நிரலின் டெஸ்ட் கேஸ்களைப் பார்க்க பி.காம் படித்தவன்தான் சரியான ஆள்.

விஷயத்துக்கு வருவோம். நீங்கள் ஏடிஎம்மில் பணம் கேட்கும்போது மெஷினுக்கும் வங்கிக்கும் நடுவே ஓடும் செய்தி பெரும்பாலும் ஐஎஸ்ஓ 8583 என்கிற வடிவத்தில் போகும். முதலில் இது என்ன வகைச் செய்தி என்று நாலு இலக்கம். அடுத்து பிட்மேப், மொத்தம் 64 பிட். கணக்கு திறக்கும் படிவத்தில் என்னென்ன இணைத்திருக்கிறோம் என்று டிக் அடிப்போமே, அதே கதைதான். 2-ஆம் பிட் 1 என்றால் கார்டு எண் உள்ளே இருக்கிறது. 4-ஆம் பிட் 1 என்றால் தொகை இருக்கிறது. முதல் பிட்டுக்கு மட்டும் தனி வேலை. அது 1 என்றால் பின்னாலேயே இன்னொரு 64 பிட் வருகிறது, ஃபீல்டு 128 வரைக்கும் போகலாம் என்று அர்த்தம்.

இதைப் படிக்கிற நிரலுக்கு நம்மிடம் வருகிற டெஸ்ட் ஷீட்டைப் பாருங்கள். 100 ரூபாய் எடுத்தல், பாஸ். 500 ரூபாய் எடுத்தல், பாஸ். 10,000 ரூபாய், பாஸ். இப்படி நூற்றுச் சொச்சம் வரிசை, எல்லாம் பச்சை நிறத்தில் கண்ணைப் பறிக்கும். தொகை மாறினால் பிட்மேப் மாறுமா ஐயா? மாறாது. எல்லாவற்றிலும் அதே டிக்குகள்தான். ஆக, பிட்மேப்பைப் பொறுத்தவரை அத்தனையும் ஒரே ஒரு டெஸ்ட் கேஸ். ஒரே வவுச்சரை நூறு ஜெராக்ஸ் எடுத்து ஆடிட்டரிடம் நீட்டினால் சும்மா விடுவாரா?

விடுபட்டது எது தெரியுமா? ரிவர்சல். கணக்கில் பணம் கழிந்துவிட்டது, மெஷின் பணம் தரவில்லை. அப்போது "அந்தப் பற்றைத் திருப்பு" என்று வருகிற செய்தி. எந்தப் பழைய பரிவர்த்தனை என்று சொல்வதற்கான இடம் 90-ஆம் ஃபீல்டு. 64-ஐத் தாண்டியாச்சு, ஆகவே முதல் பிட் 1 ஆகியே தீரணும். ஜாவாவில் ஒரு பைட் என்பது -128 முதல் 127 வரை. முதல் பிட் 1 ஆனால் அந்த பைட் மைனஸ் எண். அதை 7 இடம் வலப்பக்கம் தள்ளி "1 வந்ததா?" என்று சாதாரணமாகக் கேட்டால் வருவது 1 இல்லை, -1! "அப்போ இரண்டாவது பிட்மேப் இல்லை" என்று நிரல் தானே முடிவு கட்டி, அந்த 8 பைட்டைக் கார்டு எண் என்று படிக்கப் போகும். பச்சை நிற ஷீட்டில் இது தெரியவே தெரியாது.

தெரியப்போவது ஓய்வூதியக்காரர் ஒருவர் கவுண்டரில் வந்து நிற்கும்போது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, இப்படிக் கழிந்த பணத்தைப் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் வங்கியே திருப்பிப் போடணும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தரணும். வெண்டர் பையன் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பான். யூஏடி படிவத்தில் யார் கையெழுத்து இருக்கிறது? நம்மது.

இன்னொரு கூத்து. "சார், பேக் பண்ணி அன்பேக் பண்ணிப் பார்த்துட்டோம், போட்டது அப்படியே திரும்ப வருது" என்பார்கள். பதினொன்றாம் வகுப்பு கணக்குப்பதிவியலில் என்ன படித்தோம்? இருப்பாய்வு பொருந்தினால் ஏட்டில் பிழையே இல்லை என்று அர்த்தமில்லை. ஈடுசெய் பிழை என்று ஒன்று உண்டு. இதுவும் அதேதான். ஃபீல்டு 2, 3, 4 இருந்தால் முதல் பைட் 01110000. தரம் இடப்பக்கத்திலிருந்து எண்ணச் சொல்கிறது. எழுதியவர் வலப்பக்கத்திலிருந்து எண்ணி 00001110 என்று கட்டினார், பிரிக்கும்போதும் வலப்பக்கத்திலிருந்தே பிரித்தார். இரண்டு தப்பும் ஒன்றையொன்று தின்றுவிடும், டெஸ்ட் பாஸ். அடுத்த வங்கியின் ஸ்விட்ச்சோடு பேசும்போதுதான் குட்டு உடையும். எல்லாம் 0, எல்லாம் 1 என்று சோதித்தாலும் இது சிக்காது, இரண்டும் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதானே.

"எதிர்பார்க்கும் விடை" என்கிற கட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். நிரலை ஓட்டி, வந்ததை அப்படியே ஒட்டியிருப்பார்கள். மேக்கரே செக்கர்! கிளையில் இப்படிச் செய்தால் மெமோ வரும்.

"இரண்டின் 64 அடுக்கு சாத்தியங்கள் இருக்கு, எல்லாத்தையும் டெஸ்ட் பண்ண முடியுமா?" என்று மடக்குவார்கள். யார் கேட்டது? ஒரு நேரத்தில் ஒரு ஃபீல்டுக்கு மட்டும் டிக், 2-லிருந்து 128 வரை நகர்த்துங்கள். 64-ஐத் தாண்டும்போதெல்லாம் முதல் பிட்டும் 1. மொத்தம் 127 வரிசை. அதோடு 8, 9 சேர்ந்து, 64, 65 சேர்ந்து. முதல் பிட் 1, ஆனால் பின்னால் செய்தி பாதியில் அறுந்தது என்று ஒன்று. விடைகளைத் தர ஆவணத்தைப் பார்த்து, நிரலைத் தொடாத ஒருவர் கையால் எழுதணும். இரண்டு நாள் வேலை. டிக் எண்ணத் தெரிந்தால் போதும், கிளார்க்காகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நாமெல்லாம் கற்றுக்கொண்டதுதான்.